பாறையைப் படித்த வைத்தியர்

டைனோசர் என்ற பெயரைக் கேட்டதும் சிறுவரின் முகம் மலர்வதை ஆசிரியர் யாவரும் அறிவர். மூன்று கொம்புடைய விலங்கையும் வாள் போன்ற பல்லுடைய விலங்கையும் படத்தில் கண்டவுடன் பெயர் கூறும் பாலர் பலர். ஆனால், ஹைலேயோசோரஸ் என்ற பெயரை அறிந்தவர் சிறுவரிலும் அரியர், பெரியோரிலும் அரியர். டைனோசர் என்ற வகைப்பெயர் 1842ஆம் ஆண்டிலே தோன்றியபோது அதனுள் அடங்கிய விலங்குகள் மூன்றே. அவற்றுள் ஒன்று இந்த ஹைலேயோசோரஸ். இதனையும் மற்றொன்றாகிய இகுவானோடனையும் உலகுக்கு அறிமுகஞ் செய்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியரும் அல்லர். செல்வச் சீமானும் அல்லர். அவர் ஒரு சிறு பட்டினத்து வைத்தியர். நான்கு பிள்ளைகளின் தந்தை. கிடியன் மாண்டெல் என்பது அவர் பெயர்.

இங்கிலாந்தின் தென்பகுதியாகிய சசெக்ஸ் மாகாணத்தில், லூயிஸ் என்னும் பட்டினத்தில், 1790ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆந் திகதி மாண்டெல் பிறந்தார். தந்தையார் பாதரட்சை செய்யுந் தொழிலினர்; திருச்சபையின் பிரதான வழியைச் சாராதவர். இதனால் ஊரிலிருந்த உயர்தரப் பள்ளியின் கதவு மகனுக்குத் திறக்கவில்லை. ஆயினும், ஊரைச் சூழ்ந்த சுண்ணக் குன்றுகள் அவருக்குப் பள்ளியாயின. அக்குன்றுகளிற் கிடைத்த சிப்பி, சங்கு முதலியவற்றின் கல்லுருக்களைச் சிறுவயதிலேயே சேகரிக்கத் தொடங்கினார். பதினைந்தாவது வயதில் உள்ளூர் வைத்தியர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பின்னர் இலண்டன் சென்று பயிற்சியை நிறைவுசெய்து, 1811இல் ஊர் திரும்பினார்.

வைத்தியத்தில் அவர் ஓய்வறியாது உழைத்தார். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பிரசவங்களைப் பார்த்தார். காய்ச்சல் பரவிய காலங்களில் இரவும் பகலும் குதிரையேறி வீடுவீடாகச் சென்றார். நோயாளரைக் கண்டு திரும்பிய பின்னர், ஊர் உறங்கும் வேளையிலே, விளக்கொளியில் கற்களைச் செதுக்கினார். 1816இல் அவர் மணந்த மேரி ஆன் அம்மையார் இம்முயற்சியில் அவருக்கு உற்ற துணையாயினர். 1822இல் வெளிவந்த அவரது முதற் பெருநூலின் சித்திரத் தகடுகளைச் செதுக்கியவர் அவ்வம்மையாரே.

அக்காலத்திலேதான் பேருருவம் படைத்த விலங்கொன்றின் பற்கள் அவர் கைக்கு எட்டின. அம்மையாரே வீதியோரத்துக் கற்குவியலில் முதற் பல்லைக் கண்டெடுத்தார் என்பது பல நூல்கள் கூறும் கதை. அதற்கு உறுதியான சான்றில்லை என்பர் வரலாற்றாசிரியர். எங்ஙனமாயினும், அப்பற்கள் தழை தின்னும் விலங்கின் பற்கள் என்பதும், அவை கிடைத்த பாறை மிகத் தொன்மையானது என்பதும் மாண்டெலுக்கு விளங்கின. அத்தொன்மைக் காலத்தில் வாழ்ந்த பெருவிலங்கு ஊர்வனவாகவே இருத்தல் வேண்டும் எனத் துணிந்தார். 1823இல் ஒரு பல்லைப் பாரிசிலிருந்த பேரறிஞர் கியூவியேயிடங் காட்டியபோது, அது காண்டாமிருகத்தின் பல்லாகும் என்று தள்ளப்பட்டது. மாண்டெல் தளரவில்லை. அடுத்த ஆண்டில் கியூவியேயும் தம் கருத்தை மாற்றினார். இலண்டன் சத்திரவைத்தியக் கல்லூரியின் நூதனசாலையில் இகுவானா என்னும் பல்லியின் எலும்புக்கூடு மாண்டெலுக்குக் காட்டப்பட்டது. அதன் பற்களோ தம்மிடமிருந்த பற்களின் சிறிய பிரதிகள் போன்றிருந்தன! 1825இல் இகுவானோடன் என்ற பெயர் அறிஞர் அவையேறியது. அவ்வாண்டிலேயே ரோயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

ஹைலேயோசோரஸ் கிடைத்தது 1832இல். டில்கேற் வனத்துக் கல்லுடைப்போர் வெடிமருந்து கொண்டு பாறையைத் தகர்த்தபோது எலும்புத் துண்டுகள் சிதறின. ஏறக்குறைய ஐம்பது துண்டுகளை மாண்டெல் பெற்று, ஒன்றோடொன்று பொருத்தி, கல்லைச் சிறிது சிறிதாகச் செதுக்கி நீக்கினார். தோளெலும்பும் முதுகெலும்பும் நீண்ட முட்களும் வெளிப்பட்டன. கவசந் தாங்கிய இவ்விலங்குக்கு வனப்பல்லி என்று பொருள்படும் பெயரை அவர் சூட்டினார். பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த இத்தழையுண்ணியின் உடற்பகுதி, அவர் விட்ட நிலையிலே பெரும்பாலும் கல்லிற் பதிந்தபடியே, பலகாலம் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையிற் காக்கப்பட்டு வந்தது.

கல் வளர்ந்தது, இல்லம் சுருங்கியது. 1833இன் இறுதியில் குடும்பம் பிரைட்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. செல்வர் கூடும் அந்நகரில் வீடு நிறையக் கூட்டம் வந்தது. வந்தவரோ எலும்பு காண வந்தவரேயன்றி நோய் தீர்க்க வந்தவரல்லர். ஈற்றில் வீடு முழுவதுமே நூதனசாலையாக, மனைவி மக்கள் வேறிடம் செல்ல நேர்ந்தது. அந்த இக்கட்டான காலத்திலே, 1836இல், ஒரு கூழாங்கல்லின் வரலாற்றைக் கொண்டு இளையோருக்குப் புவிச்சரிதத்தின் முதற்பாடத்தைப் புகட்டும் சிறுநூலொன்றை அவர் வெளியிட்டார். காலடியிற் கிடக்கும் கல்லைக் கையிலெடுத்துக் கேள்வி கேட்கப் பிள்ளைகளைப் பழக்கிய அந்நூல் பல பதிப்புகள் கண்டது. ஊரார் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்ன தந்தையின் வீட்டில் அவர்தம் பிள்ளைகளுக்கு இடமில்லாது போயிற்று என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சம் கனக்கின்றது.

1838இல் தம் சேகரம் அனைத்தையும் 4,000 பவுணுக்குப் பிரித்தானிய நூதனசாலைக்கு விற்றார். மறுவருடம் மேரி ஆன் அம்மையார் அவரைப் பிரிந்தார். மூத்த மகன் வால்டர் நியூசிலாந்துக்குக் கப்பலேறினார். நெடுநாள் நோயுற்றிருந்த மகள் ஹன்னா 1840இல் பதினேழாவது வயதிலே மறைந்தார். 1841இல் வண்டி விபத்தொன்றிற் சிக்கி மாண்டெலின் முதுகெலும்பு சிதைந்தது. அதன்பின் வலியில்லாத நாள் அவருக்கில்லை.

மறுவருடம் றிச்சர்ட் ஓவன் டைனோசர் என்ற வகைப்பெயரை அமைத்தார். பெயர் சூட்டிய புகழ் ஓவனுடையதாயிற்று. இகுவானோடனைக் கண்ட பெருமையிலும் மாண்டெலுக்குரிய பங்கு குறைத்துரைக்கப்பட்டது. நோயும் அவமதிப்பும் ஒருங்கே வருத்தியபோதும் அவர் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். இகுவானோடனின் முன்னங்கால்கள் யானைக்கால் போன்றவையல்ல, மெலிந்தவை என்று பிற்காலத்தில் அவர் கண்டார். பெல்ஜிய நாட்டுச் சுரங்கத்தில் 1878இற் கிடைத்த முழு எலும்புக்கூடுகள் அவர் கண்டதே மெய்யென நிறுவின. மூக்குக் கொம்பென அவர் கருதியது கட்டைவிரல் முள்ளே என்பதையும் அவையே காட்டின. மேதையும் தவறுவதுண்டு, தவறைத் திருத்த மறுப்பதே குற்றம்.

1852ஆம் ஆண்டு நவம்பர் 10ஆந் திகதி, வலி தணிக்க உட்கொண்ட அபின் மிகையானதால் மாண்டெல் உயிர் நீத்தார். வளைந்த அவரது முதுகெலும்பு சத்திரவைத்தியக் கல்லூரி நூதனசாலையிற் காட்சிப்பொருளாயிற்று. எலும்புகளைத் தேடியவரின் எலும்பே கண்ணாடிப் பேழைக்குட் புகுந்தது என்னே விதியின் விளையாட்டு!

ஆயினும், கதை அங்கே முடியவில்லை. கற்களும் எலும்புகளும் நிறைந்த அவ்வீட்டில் வளர்ந்த வால்டர், நியூசிலாந்திலே மறைந்துபோன மோவா என்னும் பெரும் பறவையின் எலும்புகளைத் திரட்டித் தந்தையாருக்கு அனுப்பிவைத்தார். 1847இல் அவை இலண்டன் சேர்ந்தன. உடைந்துபோன இல்லத்திலிருந்தும் ஒரு விதை கடல் கடந்து முளைத்தது. பிள்ளைகளோடு அமர்ந்து அதிகம் அறியப்படாத விலங்கொன்றின் படத்தைப் புரட்டும் பெற்றோரும் ஆசிரியரும், அப்படத்தின் பின்னே நிற்கும் இவ்வைத்தியரையும் ஒருகணம் எண்ணுவாராக. பிள்ளைக்குக் கல்லைக் காட்டுதல் நன்று. கல்லுக்காகப் பிள்ளையை மறவாதிருத்தல் அதனினும் நன்று.