‘மாணவன்’ என்ற பெயரில் எழுதிய மேதை

பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பாடம் எடுத்தவர்கள் ‘ஸ்டூடண்ட் டி சோதனை’ என்ற பெயரைக் கண்டிப்பாகக் கேட்டிருப்பார்கள். மாணவர்கள் செய்யும் சோதனை என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் ‘ஸ்டூடண்ட்’ என்பது ஒரு மனிதரின் புனைபெயர். அவருடைய இயற்பெயர் வில்லியம் சீலி கோசெட்.

கோசெட் 1876 ஜூன் 13-ஆம் தேதி இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் பிறந்தார். தந்தை இராணுவ அதிகாரி. மகனும் இராணுவப் பொறியியல் பிரிவில் சேர விரும்பினார்; பார்வைக் குறைபாடு குறுக்கே நின்றது. ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் பயின்று, இரண்டிலும் முதல் வகுப்பில் தேறினார். 1899-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்த கின்னஸ் பியர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். சாதனைப் புத்தகத்தால் நமக்கெல்லாம் பழக்கமான அதே கின்னஸ்தான்.

எந்த வகை பார்லி நல்ல விளைச்சல் தரும், எந்த மூலப்பொருள் தரமானது என்று கண்டறிவது ஆலையின் அன்றாடத் தேவை. ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் பணமும் நேரமும் செலவாகும். வயலில் ஒரு சோதனை முடிய ஒரு பருவமே கடந்துவிடும். அதனால் கோசெட்டின் கைக்கு நான்கு, ஐந்து, பத்து என்று மிகச் சில அளவீடுகளே வந்தன. அக்காலத்துப் புள்ளியியல் முறைகளோ நூற்றுக்கணக்கான அளவீடுகளை எதிர்பார்த்தன. சிறிய மாதிரியை வைத்து எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்ற கேள்விக்கு அன்றைய நூல்களில் சரியான பதில் இல்லை.

1906-இல் நிறுவனமே அவரை இலண்டனுக்கு அனுப்பியது. புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனின் ஆய்வுக்கூடத்தில் ஓராண்டு பயின்றார். அங்கே உருவான ஆய்வுக் கட்டுரை 1908-இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் வெளிவந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடுவதை நிறுவனம் அனுமதிக்காததால், ‘ஸ்டூடண்ட்’ என்று மட்டும் கையொப்பமிட்டார்.

தம் சூத்திரம் சரிதானா என்று அவர் சோதித்துப் பார்த்த விதம் சுவையானது. கணினி இல்லாத காலம் அது. 3,000 குற்றவாளிகளின் உயரமும் நடுவிரல் நீளமும் பதிவாகியிருந்த ஒரு பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரின் அளவையும் ஓர் அட்டையில் எழுதினார். அட்டைகளை நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து, 750 சிறு மாதிரிகளை உருவாக்கிக் கணக்கிட்டார். முடிவுகள் அவருடைய சூத்திரத்தோடு நன்கு பொருந்தின. அதே கட்டுரையில், தூக்க மருந்து உட்கொண்ட 10 நோயாளிகள் கூடுதலாக எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்ற தரவையும் ஆராய்ந்து காட்டினார்.

அவருடைய கண்டுபிடிப்பின் அருமை புரிய ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். பிரிக்பீல்ட்ஸ் கடை ஒன்றில் 200 கிராம் என்று அச்சிட்ட எட்டு முறுக்குப் பொட்டலங்களை வாங்கி எடை போடுகிறோம். 196, 201, 194, 198, 199, 195, 197, 200 கிராம் என்று வருகிறது. சராசரி 197.5. உண்மையிலேயே எடை 200 கிராமிலிருந்து மாறுபடுகிறதா, அல்லது நம் கைக்குக் கிடைத்த எட்டும் தற்செயலாக அப்படி அமைந்துவிட்டனவா?

எட்டு எண்களையும் எக்செல்லில் ஒரே நெடுவரிசையில் இடுங்கள். ‘எஸ்டிடெவ்.எஸ்’ சூத்திரம் திட்ட விலக்கம் 2.449 என்று காட்டும். அதை எட்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.866. சராசரிக்கும் 200-க்கும் உள்ள வேறுபாடான -2.5-ஐ 0.866-ஆல் வகுத்தால் டி மதிப்பு -2.887. இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். எக்செல்லின் ‘டி.டெஸ்ட்’ சூத்திரம் இரண்டு தரவுத் தொகுதிகளை ஒப்பிடுவதற்கானது; ஒரே மாதிரிக்கென்று தனிச் சூத்திரம் இல்லை. ஆகவே குறியை நீக்கி 2.887-ஐயும், எட்டில் ஒன்று குறைத்து 7-ஐயும் ‘டி.டிஸ்ட்.2டி’ சூத்திரத்தில் இட வேண்டும். விடை 0.023. அதாவது, உண்மையான சராசரி 200 கிராம்தான் என்றால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வர 1,000-இல் சுமார் 23 வாய்ப்பு உண்டு.

கோசெட்டுக்கு முந்தைய முறைப்படி இயல்நிலைப் பரவலைப் பயன்படுத்தினால் இதே கணக்குக்கு 0.004 என்றே விடை வரும். ஒரு விழுக்காட்டை எல்லையாக வைத்திருந்தால், பழைய முறை கடைக்காரரைக் குற்றவாளி ஆக்கிவிடும். கோசெட்டின் முறையோ, எட்டுப் பொட்டலங்களை வைத்து அந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியாது என்று நம்மைத் தடுக்கும். கையில் உள்ள தரவு குறைவென்றால் நம் உறுதியும் குறைய வேண்டும். எவ்வளவு குறைய வேண்டும் என்பதைத்தான் அவர் கணக்கிட்டுத் தந்தார்.

அந்தக் கட்டுரை தொடக்கத்தில் அதிகம் கவனிக்கப்படவில்லை. பின்னர் ரொனால்ட் ஃபிஷர் என்ற இளம் அறிஞர் அதற்கு முறையான கணித நிறுவலை அளித்து, 1925-இல் வெளியிட்ட தம் நூலின் வழி உலகெங்கும் பரப்பினார். பியர்சனும் ஃபிஷரும் கடும் எதிரிகள். ஆனால் இருவருக்குமே கோசெட் நண்பராக இருந்தார். புகழைத் தேடாத அவர், கடைசிவரை கின்னஸ் ஊழியராகவே பணியாற்றினார். 1935-இல் இலண்டனில் தொடங்கிய புதிய ஆலையின் பொறுப்பை ஏற்று அங்கே சென்ற அவர், 1937 அக்டோபர் 16-ஆம் தேதி தமது 61-ஆவது வயதில் காலமானார்.

இடுபணிக்காகக் கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ பத்துப் பதினைந்து பேரிடம் தரவு திரட்டும் நமக்கும் அவர் சந்தித்த அதே சிக்கல்தான். மென்பொருள் ஒரு நொடியில் விடை தந்துவிடும். ஆனால் பொட்டலங்களைப் பாரபட்சமின்றித் தேர்ந்தெடுத்தோமா, 2.5 கிராம் வேறுபாடு வாங்குபவருக்கு உண்மையில் பொருட்டா என்ற கேள்விகளை எக்செல் கேட்காது. ஆலையின் இலாப நட்டத்தைக் கணக்கில் வைத்தே முடிவெடுத்த கோசெட் அவற்றைக் கேட்டிருப்பார். நாமும் கேட்போம், மாணவர்களே.