ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம்

நம் கல்லூரிப் பரிசோதனைச்சாலையிற் பயின்றோருள் விரல்நுனியில் ஊதாக் கறை படாதவர் மிகச் சிலரே. அக்கறைக்குக் காரணமான முறையின் பெயரைக் கேட்டதும், கிராம் என்பது யாதோ ஒரு நிறுத்தலளவை போலும் என்று கருதியோரும் நம்மிடை உண்டு. அது டென்மார்க்கு தேசத்து வைத்தியர் ஒருவரின் பெயராகும்.

அவர் 1853 ஆம் ஆண்டிற் கோபனேகன் நகரிற் பிறந்தார். தந்தையார் சட்டப் பேராசிரியர். மைந்தரோ முதலில் தாவர நூலை விரும்பிப் பின்னர் வைத்தியம் பயின்று, 1878 இற் பட்டம் பெற்றார். 1883 இற் பெர்லின் சென்று, கார்ல் ஃபிரீட்லாண்டர் என்பாரிடம் மருத்துவமனைப் பிணவறையிற் பணி செய்தார்.

நிமோனியாக் காய்ச்சலால் இறந்தோரின் நுரையீரலே அங்கு அவர்க்குப் பாடமாயிற்று. சாயம் ஏற்றினால் தசையும் கிருமியும் ஒருங்கே நிறம் பெற்றன. ஆதலின் கிருமியைப் பிரித்துக் காண்டல் அரிதாயிற்று. கிராம் ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் நீர் வார்த்து, பின் ஆல்கஹாலாற் கழுவினார். தசை வெளுத்தது, கிருமிகள் கருநீலமாய் நின்றன. ஆயினும் டைபாய்டு முதலிய சில கிருமிகள் தாமும் வெளுத்துப் போயின. இதனைத் தம் முறையின் குறையென்றே அவர் எண்ணினார்; 1884 இல் வெளியிட்ட கட்டுரையிலும் அக்குறையை மறையாது ஒப்புக்கொண்டார். அவர் குறையென்றதே பிறர்க்குப் பெரும்பயன் ஆயிற்று. பின்வந்தோர் இறுதியிற் செந்நிறச் சாயமொன்று சேர்க்கவே, வெளுத்த கிருமிகள் சிவந்து தோன்றின. கிருமியுலகம் ஊதா, செம்மை என இரு குலமாய்ப் பிரிந்தது.

மூளையுறை அழற்சி கண்ட குழந்தையின் படுக்கையருகே நின்று நோக்கினால்தான் அப்பிரிவின் அருமை விளங்கும். அந்நோய் ஒருநாட் பொழுதிற்குள் உயிரைக் கவரவல்லது. முதுகில் ஊசியிட்டு மூளைத்தண்டு நீரை எடுக்கும் வழியை ஜெர்மானியராகிய குவின்கே 1891 இற் காட்டினார். அந்நீரிலுள்ள கிருமியை வளர்த்தறிய ஒரு நாளோ இரு நாளோ செல்லும். கிராமின் சாயமோ அரைமணிக்குள் விடை கூறும். இரட்டை இரட்டையாய் ஊதாக் கோளங்கள் தோன்றின் நியுமோகாக்கஸ். சீழணுக்களினுள்ளே காப்பிக் கொட்டைப் பிளவுகள் போலச் சிவந்த இரட்டைகள் தோன்றின் மெனிங்கோகாக்கஸ் என வைத்தியர் பெரும்பாலும் துணிவர்.

கிருமி சிலவாயினும், மருந்து முன்னரே உட்சென்றிருப்பினும் கண்ணாடித் தகட்டில் ஒன்றும் தோன்றாதிருத்தல் கூடும். ஆதலின் வெறுந்தகட்டை நம்பிச் சிகிச்சையை நிறுத்துவாரில்லை. கிருமியின் மரபுப்பொருளைப் பெருக்கி ஓரிரு மணியில் அறியும் கருவிகள் இக்காலத்து வந்துள. எனினும் அச்சிறு சாயத்தகடு இன்றும் கைவிடப்படவில்லை.

கிராம் கிருமியாராய்ச்சியில் நிலைத்தாரல்லர். 1891 இல் மருந்தியற் பேராசிரியரும், 1900 இல் வைத்தியப் பேராசிரியருமாகி, 1923 இல் ஓய்வு பெற்றார். சல்பா மருந்தால் மெனிங்கோகாக்கஸ் நோயாளர் பிழைத்தெழுந்த செய்தி 1937 இல் வெளிவந்தது. மறு ஆண்டு நவம்பர்த் திங்களில், எண்பத்தைந்தாம் வயதில், அவர் கோபனேகனிற் காலமானார்.