மருந்து அடித்தும் இலைப்புள்ளி நிற்கவில்லையா? 125 ஆண்டுகளுக்கு முன்பே விடை சொன்ன எர்வின் ஸ்மித்!

கோலியனூர் பக்கம் ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தால், தக்காளி, மிளகாய் இலைகளில் நீர் கோத்த மாதிரி சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் வரலாம். உடனே கடைக்குப் போய் பூஞ்சாண மருந்து வாங்கி அடிப்போம். பல நேரம் புள்ளி நிற்காது, காசுதான் போகும். ஏன்னா, அது பூஞ்சாணமே இல்லை, பாக்டீரியா.

செடிக்கு பாக்டீரியாவால் நோய் வரும் என்பதை ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே நம்பவில்லை. அவர்களை நம்பவைத்தவர்களில் முக்கியமானவர் எர்வின் ஃபிரிங்க் ஸ்மித்.

யார் இவர்?

1854-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். பட்டம் வாங்கியது 32 வயதில்தான். அதே 1886-ல் அமெரிக்க வேளாண் துறையில் சேர்ந்தார்; கடைசிவரை அங்கேதான் வேலை.

என்ன கண்டுபிடித்தார்?

1896-ல் தக்காளி, கத்தரி, உருளைச் செடிகளை வாடவைக்கும் பாக்டீரியாவை அடையாளம் காட்டினார். அடுத்து முட்டைக்கோஸ் கருப்பு அழுகல். அதிகாலையில் இலை ஓரத்தில் முத்து முத்தாக நீர் நிற்குமே, அந்த நீர்த்துளைகள் வழியாகத்தான் கிருமி உள்ளே போகிறது என்று காட்டினார். வெள்ளரி வாடலை ஒரு வண்டு பரப்புவதையும் கண்டுபிடித்தார்.

எதிர்ப்பு யாரிடமிருந்து?

ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஃபிஷர், மூடிய செடி செல்லுக்குள் பாக்டீரியா நுழையவே முடியாது என்று 1897-ல் எழுதினார். ஸ்மித் விடவில்லை. சோதனை முடிவுகளையும் நுண்ணோக்கிப் படங்களையும் வரிசையாக வெளியிட்டு 1901-க்குள் அந்த வாதத்தை முடித்துவைத்தார். 1927-ல் மறைந்தார். எர்வினியா என்ற பாக்டீரியா பேரினம் இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது.

நமக்கு என்ன பயன்?

கிருமி வரும் வழி தெரிந்தால் அடைக்கலாம். அது விதையில் ஒட்டி வரும். மழைத்துளி தெறித்து இலைக்கு இலை தாவும். ஈர இலையைத் தொட்ட கை, கத்தரிக்கோல் வழியாகவும் பரவும்.

• தக்காளி விதையை 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 25 நிமிடம் ஊறவைத்து, ஆறவைத்து விதைக்கலாம். சூடு கூடினால் முளைப்பு போய்விடும்.
• இலை நனையாமல் வேரில் மட்டும் தண்ணீர் விடுங்கள், சொட்டுநீர் நல்லது.
• இலை காயும்வரை செடிக்குள் இறங்காதீர்கள்.
• நோய் வந்த செடியைப் பிடுங்கி வயலுக்கு வெளியே போடுங்கள்.

மருந்துக் கடைக்குப் போகும்முன் அந்த இலையை வேளாண் அலுவலரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பூஞ்சாணமா, பாக்டீரியாவா என்று தெரிந்தபிறகு செலவு செய்யலாம்.