மலையேறும் ரயில் தந்த ரிக்கன்பாக்



மழை விட்டதும் தோட்டத்துச் செம்மண் மேட்டில் லோரி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். இஞ்சின் உறுமும், டயர் சுற்றும், லோரி மட்டும் நகராது. ஏன் தெரியுமா? புவியீர்ப்பு லோரியைக் கீழே இழுக்குது. டயருக்குப் பிடிப்புத் தருகிற உராய்வோ ஈரத்தில் குறைஞ்சு போகுது. மேடு செங்குத்தாக ஆக ஆக, இழுப்பு கூடும், பிடிப்பு குறையும். இந்தச் சிக்கலை வென்றவர்தான் நிக்கோலஸ் ரிக்கன்பாக்.

1817ஆம் ஆண்டு பிரான்சின் அல்சாஸ் பகுதியில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தாயார் வளர்த்தார். பட்டறையில் தொழில் பழகிய பின் பாரிசுக்குப் போனார். பகலில் வேலை, இரவில் வகுப்பு. கணிதமும் பௌதிகமும் அப்படித்தான் கற்றார். பிற்காலத்தில் சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகர ரயில் பட்டறைக்குத் தலைவரானார்.

அங்கே மலைப்பாதையில் இஞ்சின் சக்கரங்கள் வழுக்குவதைக் கண்டார். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கு உராய்வு குறைவு. சமதரையில் அது நன்மை. மலையிலோ அதுவே வினை. என்ன செய்தார்? இரு தண்டவாளங்களுக்கும் நடுவே ஏணி போன்ற இரும்புப் பாதை போட்டார். இஞ்சினின் அடியில் பல்சக்கரம் வைத்தார். பற்கள் ஏணிப்படியில் பதிந்து பதிந்து ஏறும், வழுக்காது. 1863இல் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஏறுவதைவிட இறங்குவதில்தானே ஆபத்து அதிகம்? இறங்கும்போது சிலிண்டரில் காற்றை அமுக்கி வேகத்தை அடக்கும் பிரேக்கையும் அவரே அமைத்தார். 1871 மே 21ஆம் தேதி, அவருடைய 54ஆம் பிறந்த நாளன்று, ரிகி மலை ரயில் திறக்கப்பட்டது. ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் அதுதான்.

நம் முன்னோர் பிறந்த தமிழ்நாட்டுக்கும் அவர் வந்தார். 1882இல் நீலகிரிக்கு மலை ரயில் போட ஆராய்ந்து திட்டம் கொடுத்தார். அது உடனே நிறைவேறவில்லை. பிறகு, அவரிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் அமைத்த பல்சக்கர முறையில், 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஏறியது. 12 அடி போனால் 1 அடி உயரும் மேடு அது! அதே 1899இல் ரிக்கன்பாக் காலமானார். நீலகிரி ரயில் இன்றும் ஓடுகிறது.

பெற்றோர்களே! கணக்கு வரலைன்னு பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திடாதீங்க. தகப்பனில்லாத ஒரு பட்டறைத் தொழிலாளி, இரவில் படித்த கணக்கால்தான் ரயிலையே மலையேற்றினார். மாணவர்களே, ஏணியின் ஒவ்வொரு படியிலும் பல் பதிந்தால்தான் ரயில் ஏறும். அன்றன்றைய பாடத்தை அன்றன்றே படியுங்கள், நீங்களும் ஏறுவீர்கள்!