விளாடிமிர் கோவலெவ்ஸ்கி

விளாடிமிர் ஒனுஃப்ரியேவிச் கோவலெவ்ஸ்கி (1842 - 1883) உருசியத் தொல்லுயிரியலாளர் ஆவார். குளம்புடைய பாலூட்டிகளின் கால்களும் பற்களும் நிலத்தின் தன்மையும் உணவும் மாறியதற்கேற்ப எவ்வாறு உருமாறின என்பதைப் புதைபடிவங்களைக் கொண்டு விளக்கியவர். டார்வினின் படிவளர்ச்சிக் கொள்கையைத் தொல்லுயிரியலில் முறையாகப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர்.

வாழ்க்கை

உருசியப் பேரரசின் வித்தெப்ஸ்க் மாகாணத்தில் பிறந்தார். கருவியலாளர் அலெக்சாந்தர் கோவலெவ்ஸ்கி இவரது தமையன். விளாடிமிர் பயின்றது சட்டம். ஆனால் 1861 இல் படிப்பை முடித்தபின் அறிவியல் நூல்களை மொழிபெயர்த்து வெளியிடும் தொழிலில் இறங்கினார். வீட்டு விலங்குகள், பயிர்கள் ஆகியவற்றின் வேறுபாடுகள் பற்றிய டார்வினின் நூல், 1868 இல் ஆங்கிலத்தில் வெளிவருவதற்கு முன்பே இவரது உருசிய மொழிபெயர்ப்பில் பகுதிகளாக வரத் தொடங்கிவிட்டது. எனினும் வெளியீட்டுத் தொழில் இவருக்குக் கடனையே மிச்சம் வைத்தது.

1868 இல் சோஃபியாவை மணந்தார். பெண்கள் உருசியாவில் பல்கலைக்கழகக் கல்வி பெற இயலாத காலம் அது. சோஃபியா வெளிநாடு சென்று கணிதம் படிப்பதற்காகவே இம்மணம் முதலில் பெயரளவில் செய்துகொள்ளப்பட்டது. இவர்களுக்கு 1878 இல் ஒரு மகள் பிறந்தார்.

ஆய்வுகள்

கோவலெவ்ஸ்கி 1872 இல் யேனா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருந்த எலும்புகளை ஆராய்ந்து 1873 - 74 ஆண்டுகளில் இவர் வெளியிட்ட சில கட்டுரைகளே இவரது புகழுக்குக் காரணம். அவற்றுள் ஆந்த்ரகோதீரியம் பற்றிய நூலை டார்வினுக்குக் காணிக்கையாக்கினார்.

மென்மையான இலைகளைத் தின்ற விலங்குகளின் பற்கள் குட்டையானவை. புல் அவ்வாறன்று, அதிலுள்ள சிலிக்காவும் அதனுடன் வாய்க்குள் செல்லும் மண்ணும் பற்களைத் தேய்த்துவிடும். எனவே புல்லை மேய்ந்த வழிமரபுகளில் உயரமான, மடிப்புகள் மிகுந்த கடைவாய்ப் பற்கள் தோன்றின. உறுதியான, வறண்ட தரையில் ஓடுவதற்கு விரல்கள் குறைந்தன. விரல்கள் குறைவது மட்டும் போதாது என்பது இவரது நுட்பமான கண்டுபிடிப்பு. எஞ்சிய விரல்கள், மறைந்த விரல்களைத் தாங்கிய மணிக்கட்டு எலும்புகளுடனும் பொருந்திக்கொண்டால்தான் பாரம் சீராகப் பரவும். அவ்வாறு பொருந்தாத குழுக்கள் அழிந்தன. பொருந்திய மான், மாட்டினங்கள் பெருகின.

குதிரையின் நேர் மூதாதை வரிசையில் ஐரோப்பிய அங்கித்தீரியத்தையும் இப்பாரியனையும் இவர் வைத்தது தவறு. இவை வட அமெரிக்காவிலிருந்து வந்த கிளைகள் என்பது மார்ஷ் திரட்டிய புதைபடிவங்களால் பின்னர் தெளிவாயிற்று. வரிசை தவறினாலும் காரணம் நிலைத்தது. சுமார் 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய குளிர்ச்சியும் அதனைத் தொடர்ந்த வறட்சியும் காடுகளைக் குறைத்துப் புல்வெளிகளை விரித்தன என இன்று அறியப்படுகிறது. ஆனால் பல இடங்களில் புல்வெளிகள் பரவி நெடுங்காலம் கழித்தே பற்கள் உயர்ந்தன.

இறுதிக் காலம்

உருசியாவில் இவருக்கு உரிய பணி எளிதில் கிட்டவில்லை. ஒதெசாவில் முதுநிலைத் தேர்வில் தோல்வியுற்று, 1875 இல் பீட்டர்ஸ்பர்க்கில் பட்டம் பெற்றார். பின்னர் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அதே காலத்தில் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் அலுவல்களில் ஈடுபட்டுப் பெரும் நெருக்கடிக்குள்ளானார். ஆய்வுகளை வெளியிட்டது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். மற்ற ஆண்டுகளைக் கடன் தின்றது. 1883 ஏப்ரலில் மாஸ்கோவில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது வயது 40. செய்தி எட்டியபோது சோஃபியா பாரிசில் இருந்தார்; அடுத்த ஆண்டு அவர் ஸ்டாக்ஹோமில் பேராசிரியரானார்.