மறைத்த பெயரை முழக்கிய பெரியவர்

நெய்வேலி நகரியத்தில் வளர்ந்த நம் இளைஞர் பலர் அரசுப் பணித் தேர்வுகளுக்காக இராப்பகலாகப் படிக்கின்றனர். அத்தகைய தேர்வொன்று இந்தியாவில் நடப்பதையே நம் முன்னோர் ஒருவர் நாடறிய எதிர்த்தார் என்றால் அவர்கள் வியப்படையக்கூடும். அவர்தாம் திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த அவர் கோயம்புத்தூரில் பயின்றார். பள்ளியின் நானூறு மாணவருள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சி, உடன் படித்தோரோடு விளையாடவும் அவர் கூடியதில்லை. அந்தச் சிறுவரே வளர்ந்து, 1893 அக்டோபரில் சென்னையில் இதழொன்று தொடங்கியபோது, ஊரார் இழித்துக் கூறிய ‘பறையன்’ என்னும் பெயரையே அதற்குச் சூட்டினார்.

சிவில் சர்வீஸ் தேர்வை இலண்டனில் நடத்தும் அதே வேளையில் இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்று காங்கிரசு அந்நாளில் கோரிவந்தது. பிரிட்டிஷ் காமன்ஸ் சபையும் 1893 ஜூனில் அதற்கிசைந்து தீர்மானித்தது. சீனிவாசனார் மறுத்தார். பள்ளி வாயில் நம்மவர்க்கு அடைபட்டிருந்த காலம் அது. தேர்வு இங்கு வந்தால் சாதி இந்துக்களே அதிகாரத்தில் அமர்வர், நம்மை ஒடுக்குவோரிடமே நாம் முறையிட நேரும் என்பது அவர் கருத்து. 23-12-1893 அன்று வெஸ்லி மிஷன் கல்லூரியில் கூட்டம் கூட்டினார். 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனு ஜெனரல் செஸ்னி வாயிலாகப் பார்லிமெண்டுக்குச் சென்றது. நம்முள் எழுத்தறிந்தோர் எத்தனை பேர் அன்று!

அயலாட்சிக்குத் துணைபோனவர் என்று அவரைக் குறைகூறுவோர் உண்டு. அவர் மறுத்தது கல்வியையன்று. கல்வி கிட்டாதோர் தலைமேல் ஒருசாராரே அமர்வதைத்தான் என்பது நம் துணிபு. அரசாங்கம் 1894இல் அத்திட்டத்தை ஏற்க மறுத்தது. இம்மனுவே அதற்குக் காரணமென நாம் கூற வரவில்லை. அத்தேர்வு இந்திய மண்ணுக்கு வந்தது 1922இல்தான்.

இடையில் தென்னாப்பிரிக்கா சென்று, 1921இல் திரும்பிய சீனிவாசனார், 1923இல் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். பொதுச் சாலைகளும் கிணறுகளும் எவர்க்கும் உரியவை என்ற தீர்மானத்தை அவர் 1924இல் அங்கே கொணர்ந்து நிறைவேற்றியதை நம் வீட்டு முதியோர் அறிவர்.

முதலிரு வட்டமேசை மாநாடுகளிலும் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தவர் அவர். ஆயினும் அண்ணல் 1935இல் மதமாற்றத்தை அறிவித்தபோது, நாம் இந்து சமயத்துக்கு உட்பட்டவரே அல்லர், வெளியேறுவதற்கு என்ன இருக்கிறது என்ற கருத்தினராய் அவரிடமும் மாறுபட்டார். அண்ணலைப் போற்றும் நம் சங்கத்திலும் இதுபற்றி இருவேறு எண்ணங்கள் உண்டு. ஆண்டுக் கூட்டங்களில் அவை இரண்டும் எழுந்து பேசியிருக்கின்றன.