மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

சென்னையினின்று அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையிலே திருவாலங்காடு என்னும் நிலையத்தில் இறங்குவோர் பெரும்பாலும் இரத்தினசபையிற் கூத்தப்பெருமானைக் காண வருவோரே. காரைக்காலம்மையார் பாடிய அத்தலத்தை அடுத்துள்ளது பழையனூர். யாம் பிறந்து வளர்ந்தது அப்பக்கத்தே ஆகலின், எம் இளமையில் முதன்முதற் கேட்ட கதை நீலியின் கதையேயாம். வணிகன் ஒருவனைப் பழிவாங்க நினைந்த பேயொருத்தி, அவன் மனைவியைப் போல வடிவெடுத்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பிலேந்தி, பழையனூர் வேளாளர் எழுபதின்மர் முன் முறையிட்டாள். குழந்தை வணிகனை அப்பா என்றழைத்ததைச் சான்றாகக் கொண்டு அவர்கள் அவளுக்கே தீர்ப்பளித்தனர். அவன் அஞ்சியபோது, அவனுயிர்க்குத் தம்முயிரைப் பிணையாகக் கொடுத்தனர். விடியலில் அவன் இறந்து கிடந்தான். எழுபதின்மரும் தீமூட்டி அதனுட் புகுந்தனர்.

இக்கதையை வாய்மை தவறாமைக்கு எடுத்துக்காட்டாகவே பெரியோர் எமக்குச் சொன்னார்கள். ஆயினும் அஃது ஒரு வழக்கு விசாரணையின் கதையுமாகும். அத்தீர்ப்பு பிழைபட்டது, ஆனால் ஊரார் மொழியில், ஊரார் முன்னிலையில் சொல்லப்பட்டது. எதனால் அங்ஙனம் தீர்த்தனர் என்பது தோற்றவனுக்கும் விளங்கியது.

எம் பாட்டனார்க்கு அவ்வளவு பேறும் கிட்டவில்லை. பல்லாண்டுகட்கு முன் ஒரு வரப்பைப் பற்றி அவர் தொடுத்த வழக்கு தோற்றது. அவருடைய வக்கீல் அதனை ஒரு வார்த்தையிற் சொல்லிவிட்டார். தீர்ப்பின் நகலோ ஆங்கிலத்தில் இருந்தது. படித்துச் சொல்வார் ஊரில் இலர். அது தகரப் பெட்டியிற் பத்திரங்களோடு கிடந்தது. யாம் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டின் விடுமுறையில் அவர் அதனை எடுத்து எம் கையிற் கொடுத்தார். குறிப்பிட்ட ஓர் ஆண்டின் அடங்கல் நகல் தாக்கல் செய்யப்படாமையால் வாதியின் அனுபவம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று அதில் எழுதியிருந்தது. பாட்டனார் பேசாமல் எழுந்து, அதே பெட்டியின் அடியிலிருந்து அந்த ஆண்டின் அடங்கலை எடுத்து எம் முன் வைத்தார்.

அன்று முதலாகவே வேதநாயகம் பிள்ளையவர்களின் வரலாற்றை யாம் வேறு கண்கொண்டு படிக்கலானோம். தமிழில் முதல் நாவல் எழுதியவர் என்ற அளவில் அவரை மாணாக்கர் எல்லாரும் அறிவர். அவர் தம் வாழ்நாளில் ஒரு பெரும்பகுதியை நீதிமன்றத்திற் கழித்தவர் என்பதை வகுப்பறையில் ஒரு வரியிற் கடந்துவிடுகின்றோம்.

பிள்ளையவர்கள் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரிற் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை, தாயார் ஆரோக்கிய மரியம்மாள்; கத்தோலிக்கக் குடும்பம். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகராச பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே கற்றார். 1848-இல் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்திற் பத்திரக் காப்பாளர் வேலையில் அமர்ந்தார். 1850-இல் அங்கேயே மொழிபெயர்ப்பாளரானார்.

அந்நாளில் மொழிபெயர்ப்பாளன் வேலை எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிலத்தை உழுபவன் தமிழிற் சாட்சி சொல்வான். ஒற்றிப் பத்திரமும் பாகப் பத்திரமும் தமிழில் இருக்கும். தீர்ப்பவரோ ஆங்கிலேயர். இருவர்க்கும் இடையே ஒருவன் எழுதும் சொல்லைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் நன்செய் நிற்பதும் போவதும் ஆம். வாரத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சொல்லிற் பிழைத்துவிட்டால், பின்னர் எந்த வக்கீலும் அதனை மீட்டல் அரிது. இவ்வேலையிற் கழிந்த ஆண்டுகளே பிள்ளையவர்கட்கு உண்மையான சட்டக் கல்லூரியாயின என்பது எம் கருத்து.

1857-இல் அவர் தரங்கம்பாடி முன்சீபாக நியமனம் பெற்றார். டேனிஷ்காரர் அவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பின்னர்ச் சீகாழியிலும், அதன்பின் நெடுங்காலம் மாயூரத்திலும் அப்பதவி வகித்தார். காவிரிப் பாசனத்து முன்சீப் ஒருவன் முன் வருவன பெரும்பாலும் மண்ணைப் பற்றிய வழக்குகளே: வரப்பு, வாய்க்கால், ஒற்றி மீட்பு, பங்காளிகளின் பாகம். சிறு தொகைகள்; ஆனால் கட்சிக்காரனுக்கு அதுவே முழு வாழ்வு.

கைக்கூலி வாங்காத அதிகாரி என்னும் பெயர் அவர்க்கு நிலைத்தது. 1859-இல் வெளிவந்த அவருடைய நீதிநூலில் கைக்கூலிக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். தம்மொடு பணிபுரிவோர் நாள்தோறும் செய்வதை நேரிற் கண்டு, பதவியில் இருந்துகொண்டே அதனைப் பாட்டில் வைத்துக் கண்டித்தல் எளிய செயலன்று. தொழிலொழுக்கம் என்பதனை அவர் பிறர்க்கு விதித்த கட்டளையாக மட்டும் கொள்ளவில்லை.

1862-ஆம் ஆண்டிலே அவர் செய்த காரியம் ஒன்று எம் மனத்தில் எல்லாவற்றினும் மேலாக நிற்கின்றது. சென்னை சதர் நீதிமன்றம் 1805 முதல் 1861 வரை அளித்த தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் வெளியிட்டார். அவ்வாண்டிலேதான் சதர் நீதிமன்றம் ஒழிந்து சென்னை உயர்நீதிமன்றம் தோன்றிற்று. ஐம்பத்தாறு ஆண்டுகளின் நீதி ஆங்கிலத்தில் முடங்கிக் கிடந்தது. அதனைத் தமிழ் மட்டும் அறிந்தவன் கையிற் கொண்டுவந்து வைத்தவர் ஒரு கீழ்மன்றத்து முன்சீப். தத்தெடுத்தலுக்கு என்ன விதி, பாகத்துக்கு என்ன விதி, இத்தகைய வழக்கில் முன்னர் எவ்வாறு தீர்த்தனர் என்று வினவுபவனுக்கு அதுவரை வக்கீலின் வாய்ச்சொல்லே துணை. அடுத்த இரண்டாண்டுத் தீர்ப்புகளையும் அவர் பின்னர் மொழிபெயர்த்தளித்தார். இந்நூல்களில் அணியில்லை, சுவையில்லை. ஆதலின் இலக்கிய வரலாறு எழுதுவோர் பெயரைச் சொல்லி விட்டுவிடுகின்றனர். அவர் இயற்றிய அந்தாதிகளினும் இதற்கே யாம் முதலிடம் கொடுப்போம். எம் ஆசிரியர்கள் பொறுப்பாராக.

மாயூரத்தில் அவர் இல்லம் புலவர்க்கெல்லாம் புகலிடமாயிருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் அவர்மீது குளத்துக்கோவை பாடினார். கோபாலகிருஷ்ண பாரதியாரும் நெருங்கிய நண்பர். கிறிஸ்தவ முன்சீபும் சைவ ஆதீனத்துப் புலவரும் தமிழால் ஒரு பாயில் அமர்ந்தனர்.

1872-இல் அவர் பணியினின்று விலகினார். மேலதிகாரி ஒருவரோடு நேர்ந்த மனக்கசப்பே அதற்குக் காரணம் என்பர். பிறர் வழக்கைப் பல்லாண்டு நடுநின்று தீர்த்தவர்க்குத் தம் உத்தியோகத்தைப் பற்றிய நியாயம் எளிதிற் கிட்டவில்லை போலும். ஆயினும் உபகாரச் சம்பளம் கிடைத்ததைக் குறித்து அவர் ஒரு கீர்த்தனை பாடியிருக்கின்றார். அரசாங்கக் கடிதத்தைப் பாட்டாக்கியவர் அவரையன்றி வேறெவரையும் யாம் அறியோம்.

வேலை போனபின் அவர் ஓயவில்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளைக் காத்தார். அதனைக் கண்டு நெகிழ்ந்து கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேற் கீர்த்தனை பாடினார். மாயூரம் நகரசபைக்குத் தலைவராகவும் இருந்தார். பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் அச்சேறிற்று.

அந்நாவலிற் கதை ஓடிக்கொண்டிருக்கையில் உபதேசம் குறுக்கிடும். யாமும் சில பக்கங்களைத் தாண்டியதுண்டு. ஆனால் ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரியை ஆளும் ஞானாம்பாள் நீதிமன்றங்களைச் சீர்திருத்தப் புகும்பொழுது நடை உயிர்பெறுகின்றது. வக்கீலும் தமிழர், நியாயாதிபதியும் தமிழர், கட்சிக்காரனும் தமிழன். இருந்தும் வழக்கு மட்டும் பிறமொழியில் நடப்பது ஏன் என்று ஆசிரியர் வினவுகின்றார். தன் வழக்கே நடக்கும் மன்றத்திற் கட்சிக்காரன் செவிடனும் ஊமையுமாய் நிற்பதை அவர் தம் மேடையிலிருந்து ஆண்டுக்கணக்காகக் கண்டவர். நம் கல்லூரிப் பழைய மாணவருள் வழக்கறிஞர் பலர் உளர். அவர்கள் அப்பகுதியை மீண்டும் ஒருமுறை படிப்பாராயின் எம்மேற் சினவார்.

1887-இல் சுகுண சுந்தரி என்னும் இரண்டாம் நாவலை வெளியிட்டபின், 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் பிள்ளையவர்கள் மாயூரத்தில் இயற்கை எய்தினார்.

தமிழகத்தின் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது. கீழ்மன்றங்களிற் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் அமைய 1976-இன் திருத்தம் வழிசெய்தது. உயர்நீதிமன்றத்தில் ஆங்கிலமே நிற்கின்றது. உச்சநீதிமன்றம் தன் தீர்ப்புகளின் மொழிபெயர்ப்பைத் தமிழிலும் வெளியிடத் தொடங்கியது 2019-இல். மாயூரத்து முன்சீப் தனியொருவராய் அதனைச் செய்து அப்பொழுது 157 ஆண்டுகள் கழிந்திருந்தன. எம் பாட்டனார்க்கு இதனைச் சொன்னோம். அவர் அந்த அடங்கலை மடித்து மீண்டும் பெட்டியில் வைத்தார்.